குருவாகப் போறவர் முதலில் என்ன படிக்கவேண்டும்?

ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை கோப்பாயில் "நான் குருவானவராகப் போறன்" எண்டு சொன்னால் இரண்டு புத்திமதி வரும். ஒன்று: கம்பசில் கிறிஸ்தவ நாகரிகம் எடு. மற்றது: கம்பஸ் என்னத்துக்கு, நேரே இறையியல் கல்லூரிக்குப் போ. இரண்டுமே பிழை.

வேதாகமமும் சபை வரலாறும் இறையியல் கல்லூரியில் எப்படியும் படிக்கத்தான் போறம். அதையே முன்கூட்டிப் படித்து என்ன லாபம்? அங்கே ஆழமாகப் படிக்க நேரம் கிடைக்காததையே முதலில் படிக்கவேண்டும்: தமிழ், சைவ சித்தாந்தம், வரலாறு, பொருளியல், சமூகவியல்.

இது புதுக்கதை இல்லை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், கிருபை பற்றிய கிறிஸ்தவ, இந்துக் கருத்துகளை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். சைவத்தை ஊன்றிப் படியாமல் அது நடக்குமா? தனிநாயகம் அடிகள் உரோமாபுரியில் இறையியல் படித்துக் குருவான பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அவர் பிந்திச் செய்ததை நாங்கள் முந்திச் செய்யலாமே.

"டிகிரி முடிச்சால் வேறை வேலைக்குப் போயிடுவாங்கள்" எண்டு மூப்பர்மார் பயப்படுகினம். பழைய பயம். 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் கணிதமும் வானியலும் தமிழும் படிப்பித்தார்கள். படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற குறையும் சேர்ந்துதான் 1855-ல் அதை மூடினார்கள். போனவர்கள் போனார்கள், உண்மைதான். ஆனால் வேறு வழி இல்லாததால் சபையில் நிற்பவரை அழைப்புப் பெற்றவர் எண்டு சொல்லேலாது.

கோப்பாயையே பாருங்கள். துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் இராணுவ முகாம் நிற்கிறது. மகனின் கல்லறையைத் தொலைத்த தாயிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசப் போறவருக்கு அந்த நிலத்தின் வரலாறு தெரியவேண்டாமா? நுண்கடன்காரருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் பெண்ணுக்கு ஜெபம் மட்டும் போதுமா? வட்டிக்கணக்கும் விளங்கவேண்டும். பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தின் செத்தவீட்டில் எதைப் பேசுவது, எப்போது வாயை மூடுவது எண்டும் தெரியவேண்டும்.

திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகம் கோப்பாயிலிருந்து சைக்கிள் ஓடும் தூரம். படிப்பும் இலவசம். இறையியல் கல்லூரி நாலு வருசம் காத்திருக்கும். குருமாரைத் தெரிவு செய்யிறவையள் சாட்சியை மட்டும் கேளாமல், "இந்த ஊரைப் பற்றி என்ன படிச்சனீர்?" எண்டும் கேட்கட்டும்.