படம் பிடிப்பதும் படைப்பே

புகைப்படம் ஒரு படைப்பா, அன்றி வெறும் பொறியின் வேலையா? இவ்வினாவுக்கு இந்நாட்டின் சட்டம் என்றோ விடை கூறிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூலையும் இசையையும் ஓவியத்தையும் போலவே புகைப்படத்தையும் பாதுகாப்புக்குரிய படைப்பென ஏற்றுள்ளது. ஆனால், சட்டம் ஏற்றதைப் பள்ளிக்கூடம் இன்னும் ஏற்கவில்லை. க.பொ.த. சாதாரண தரத்திலே சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியன அழகியற் பாடங்களாய் நிலைபெற்றிருக்க, புகைப்படக் கலைக்கு அவ்வரிசையில் தனியிடம் கிடைக்கவில்லை.

பொத்தானை அழுத்துவதற்கும் ஒரு பாடமா என எள்ளுவோர் உளர். எழுதுகோல் பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் கவிஞராகிவிடுவரோ? எதைப் படத்துள் அடக்குவது, எதை விலக்குவது, ஒளி எப்பக்கமிருந்து விழவேண்டும், எக்கணத்தைப் பற்றிக்கொள்வது என்னும் தீர்மானங்களே படத்தை ஆக்குகின்றன. தீர்மானிக்கப் பழக்குவதன்றோ கல்வி?

இங்கிலாந்திலே இடைநிலைப் பரீட்சையில் ‘கலையும் வடிவமைப்பும்’ என்ற பாடத்தின் ஒரு பிரிவாகப் புகைப்படக் கலை பயிற்றப்படுகின்றது. மாணவர் காலந்தோறும் ஆக்கிச் சேர்த்த தொகுப்புக்கு நூற்றுக்கு 60 புள்ளிகள். பரீட்சைச் சபை தரும் பொருளை ஆராய்ந்து, 10 மணி நேர மேற்பார்வையோடு நிறைவேற்றும் படைப்புக்கு 40 புள்ளிகள். எண்ணத்தை வளர்த்தமை, பரிசோதித்துத் திருத்தியமை, கண்டதைப் பதிந்தமை, நிறைவாக வெளிப்படுத்தியமை ஆகிய நான்குமே அளவுகோல்கள். கமராவின் விலைக்கு அங்கே புள்ளியில்லை.

இலங்கையின் புகைப்படக் கலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த லயனல் வென்ட் (1900–1944) லண்டனிலே சட்டம் பயின்றவர். நீதியரசர் ஒருவரின் மைந்தர். அன்று கமரா செல்வர் வீட்டுப் பொருள். இன்றோ கைப்பேசியோடு அது குடிசைக்குள்ளும் புகுந்துவிட்டது. கருவி வந்தது, கற்பிப்பார்தான் வரவில்லை.

இது பொழுதுபோக்கைப் பற்றிய வழக்கன்று. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கியபோது, தாய்மார் கையிலேந்தியவை புகைப்படங்களே. ஒரு சிறு படம் என்ன பாரத்தைச் சுமக்கும் என்பதை அறிந்த சமூகம் நாம். நம் பிள்ளைகள் பிறர் எடுத்த படத்திலே தோன்றுவோராய் மட்டும் இருந்துவிடலாகாது. தம் ஊரையும் உழைப்பையும் தம் கண்ணாற் காட்டவும், பொய்ப்படத்தை இனங்காணவும், படம் பிடிக்கப்படுபவரின் இசைவை மதிக்கவும் அவர்கள் கற்றாக வேண்டும்.

ஆதலின் கல்வி அமைச்சிடம் நாம் கோருவன மூன்று: தேசிய கல்வி நிறுவகம் தமிழிலும் சிங்களத்திலும் இதற்கான பாடத்திட்டத்தை வகுக்கட்டும், ஆசிரியர் பயிற்சி கொழும்போடு நின்றுவிடாது வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் நடைபெறட்டும், கமரா இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையே அதனை வழங்கட்டும். படைப்பெனச் சட்டம் ஒப்பிய ஒன்றைப் பாடமென ஒப்புவதற்கு இன்னும் தயக்கமேன்?