கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன?



நேற்று வீரபாண்டியில் டீக்கடையில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது நான்கு ஓவர்லாக் மெஷின் போட்டுச் சொந்தமாக ஜாப் ஒர்க் செய்கிறார். பேச்சு உள்ளாட்சித் தேர்தல் பக்கம் திரும்பியது. "ஏனுங்க சார், 2016-ல இருந்து 2022 வரைக்கும் நம்ம மாநகராட்சியில கவுன்சிலரே இல்லீங்களே, என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

அங்கே சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வரலாறு நடத்தியவன், வரலாற்றிலிருந்தே சொல்கிறேன்.

1913-இல் நம் மாவட்டத்துக் கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. தென்னிந்தியாவில் கிடைக்கும் அகஸ்டஸ் காசுகளில் அதிகமாக இருப்பது, அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸ், லூசியஸ் இருவரும் நிற்கும் வகை. அதில் அவர்களை 'கான்சலாகத் தேர்வானவர்கள்' என்று பொறித்திருக்கிறது. மக்கள் ஆண்டுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து நாட்டையே ஒப்படைத்த பதவி அது. அதற்குப் பதினாலு வயதுப் பையன்களை முன்கூட்டியே குறித்துவைத்தார்கள். லூசியஸ் பதவி ஏற்காமலேயே கி.பி. 2-இல் இறந்துபோனார்.

அகஸ்டஸ் கான்சல் பதவியை ஒழிக்கவில்லை. அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். கான்சலுக்கு முன்னால் 12 பேர் பிரம்புக் கட்டு ஏந்தி நடப்பது நிற்கவில்லை. ஆண்டுக்கு அவர்கள் பெயரே வழங்கியது. அதிகாரம் மட்டும் பேரரசரிடம். கி.பி. 14-இல் டைபீரியஸ், பதவிகளுக்கான தேர்தலை மக்களிடமிருந்து எடுத்து செனட்டுக்குக் கொடுத்தார். மக்கள் முணுமுணுத்ததோடு சரி என்கிறார் டாசிடஸ்.

அவர்களும் நம் மாணவர் மாதிரிதான் நினைத்திருப்பார்கள். சாலை இருந்தது, தானியம் வந்தது, வியாபாரம் நடந்தது. அந்த அமைதியில்தான் காசு நம் நொய்யல் கரை வரைக்கும் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் அடுத்து காலிகுலா வந்தார், பிறகு நீரோ வந்தார். அப்போது "வேண்டாம்" என்று சொல்ல மக்கள் கையில் ஓட்டு இல்லை.

நம் கதைக்கு வருவோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில். ஒரு முழுப் பதவிக்காலத்தையே தனி அலுவலர்கள் பார்த்தார்கள். ஊராட்சிகளுக்கும் 2025 ஜனவரியில் அதே நிலைமை வந்தது.

கவுன்சிலர் மோசமானவராகவே இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நம் வாசலில் வந்து கும்பிட்டு நின்றுதான் ஆக வேண்டும். அதிகாரி தங்கமானவராகவே இருக்கட்டும். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் கிளம்பிவிடுவார். நாம் யாரைக் கேட்பது?

தம்பி, என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டாய். தேர்தல் இல்லாத ஐந்து வருடம் நமக்கு உறைக்கவே இல்லை பார், அதுதான் கெட்டுப்போனது.

உங்கள் வார்டில் எப்படி? கமென்டில் சொல்லுங்கள்.