பிள்ளையின் பெயரை உடைக்கிற ஜன்னல்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றாரும் பழைய மாணவர் சங்கத்தாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

கடந்த தவணை உயர்தர ஐசிடி பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலை நூலகத்துக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்தோம். யார் எந்தப் புத்தகம் எடுத்தார், எப்போது திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். பைதன் மொழி. பாடத்திட்டத்தில் உள்ளதுதான். ஆனால் வகுப்பில் பிள்ளை காண்பது பெரும்பாலும் கறுப்புத் திரையில் ஓடும் எழுத்து மட்டும். பொத்தானும் பெட்டியும் உள்ள ஜன்னல் வேண்டுமென்றால் அதற்கு ஒரு கருவித்தொகுதி வேண்டும். பைதனோடு சேர்ந்து வருவது டிகின்டர். இலவசம், இலகு, விண்டோஸ், லினக்ஸ், மெக் எல்லாவற்றிலும் ஓடும் என்பார்கள். நாங்களும் நம்பினோம்.

விண்டோஸ் கணினியில் அழகாக வந்தது. அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணினிகளுக்கு நாங்கள் லினக்ஸ் போட்டிருந்தோம். அங்கே திறந்தோம். 'மொஹமட்' என்ற பெயரில் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். 'ரைஹானா'வின் ஐகாரம் ரகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பைதன் எழுதப் பழகும் ஐடில் செயலியும் டிகின்டரால் ஆனதுதான். அதனால் அதிலும் அதே கோலம். ஒரு பிள்ளை தான்தான் பிழையாக டைப் பண்ணிவிட்டதாக நினைத்து, அழித்து அழித்து மூன்று தரம் அடித்தாள்.

பிழை அவளில் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் போதும். தமிழில் க-வுக்குப் பின் டைப் பண்ணும் கொம்பு க-வுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். 'மு' என்றால் உருவமே மாற வேண்டும். இதைச் செய்ய எழுத்தைக் கோக்கும் ஒரு பகுதி தேவை. டிகின்டருக்கு அடியில் உள்ள டிகே-யின் 8.6 பதிப்பு விண்டோஸில் அந்த வேலையை விண்டோஸிடம் விட்டுவிடுகிறது. லினக்ஸில் அது நடப்பதில்லை, வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் எங்கள் நண்பர்கள் சிலரின் பதில்: "பெயரை ஆங்கிலத்தில் போடுங்களேன் சேர்." இதற்குத்தான் இந்தப் பதிவு. முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? நூலகத்தில் தேடினால் எதைப் போட்டுத் தேடுவது? தமிழ் மொழிமூலப் பாடசாலை, தமிழ்ப் புத்தகங்கள், பிறப்புச் சான்றிதழில் தமிழில் பெயர். எல்லாம் தமிழில் இருக்க, கணினிக்காக மட்டும் பிள்ளை தன் பெயரை மாற்ற வேண்டுமா? ஜன்னல் திறக்கிறது, பொத்தான் அமுங்குகிறது என்பதற்காக 'எல்லாத் தளத்திலும் ஓடும்' என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. டபிள்யூஎக்ஸ் பைதன் லினக்ஸில் ஜிடிகே-யைப் பாவிக்கிறது. அதற்குள் இருக்கும் பாங்கோ தமிழைச் சரியாகக் கோக்கும். கியூட் தொகுதியும் அப்படியே. கியூட்டுக்குப் பைதனில் இரண்டு வாசல்: பைகியூட், பைசைட். பைகியூட்டை ஜிபிஎல் உரிமத்தில் எடுத்தால், அதில் செய்த மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போது நிரலையும் திறந்து கொடுக்க வேண்டும். விருப்பமில்லை என்றால் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல், அவ்வளவு இறுக்கமில்லை. நாளைக்கு ஒரு பிள்ளை கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து விற்கப் போகும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். திருட்டு விசுவல் பேசிக் சீடியில் பழகிய எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பைசைட் பெரிசு, நூறு எம்பிக்கும் மேல். புதிய பதிப்புக்கு 64 பிட் கணினி வேண்டும். எங்கள் பழைய கணினிகளில் பாதி அதற்குத் தாங்காது. ஆகவே நூலக மென்பொருளை டபிள்யூஎக்ஸ் பைதனில் திரும்ப எழுதுகிறோம். முதல் பாடத்துக்கு டிகின்டர் இருக்கட்டும், அதில் குறை சொல்லவில்லை.

பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணினி தரும்போது, ரிப்பன் வெட்ட முன்னர், அதில் 'மொஹமட்' என்று ஒரு தரம் டைப் பண்ணிப் பாருங்கள். டேட்டா செலவழிக்க முடியாத ஆசிரியர்களுக்கு விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் தேவையான கோப்புகளைப் பென்ட்ரைவில் போட்டுத் தருவோம். இன்பொக்ஸ் வாருங்கள்.