டியூனர் வாங்குவதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போதே தெருமுனையில் பட் பட் என்று வெடிச் சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அக்கா மகன் வந்துவிட்டான் என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும். இருபத்தஞ்சாயிரம் வேணும்."

"எதுக்குடா?"

"வண்டிக்கு டியூனர் போடணும். முன்ன மாதிரி பிக்-அப்பே இல்ல. நேத்து ஜி.எஸ்.டி ரோட்ல ஒரு லாரியைத் தாண்டப் போனேன், பாதியில இழுக்கவே இல்ல. எதிர்ல பஸ் வருது. எப்படியோ தப்பிச்சேன்."

கடைசி வரியைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் காபி தொண்டையில் இறங்கவில்லை.

அவன் கேட்ட பணம் எது என்றும் எனக்குத் தெரியும். சின்னவளின் காலேஜ் ஃபீஸுக்காக அக்கா சீட்டு எடுத்து வைத்திருப்பது. இந்த வாரம் எழுத வேறொரு விஷயம் வைத்திருந்தேன். ஆனால் இதே பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கலாம், இனிமேல் வரலாம். அதனால் அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

திருப்புளி போய் கம்ப்யூட்டர் வந்தது

அந்தக் கால வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகுவார். "இப்ப ஓட்டிப் பாருங்க சார்" என்பார். அதுதான் அன்றைய டியூனிங்.

2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர், அடுத்த ஆண்டு பஜாஜ் பல்சர் 220 என்று ஒன்றிரண்டு மாடல்களில்தான் இங்கே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எட்டிப் பார்த்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பிஎஸ்6 விதி வந்த பிறகு, அன்றாடம் நாம் பார்க்கும் புது பைக், ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது.

இப்போது அந்த மெக்கானிக்கின் காது இருந்த இடத்தில் ஈசியு என்ற குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. த்ராட்டிலை எவ்வளவு திருகியிருக்கிறோம், காற்றின் அழுத்தம் என்ன, வெப்பம் என்ன, என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று ஈசியு முடிவு செய்யும். அந்த நேரம் சில மில்லி விநாடிகள்தான். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, ஒரு சிலிண்டரில் விநாடிக்கு 50 முறை இந்தக் கணக்கு நடக்கிறது.

பெட்ரோல் சுலபம், காற்றுதான் கஷ்டம்

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கேட்க ஏதோ பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கும். லிட்டரில் சொன்னால் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை!

என்ஜினுக்குள் பெட்ரோலைக் கூடுதலாக அனுப்புவது பெரிய வேலையே இல்லை. இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும். ஆனால் அதற்கு ஈடான காற்று உள்ளே வர வேண்டுமே? காற்று வராமல் பெட்ரோலை மட்டும் ஊற்றினால் சக்தி கூடாது, புகைதான் கூடும்.

டியூனர் என்பது பெட்ரோலை அளக்கிற பெட்டி. அதனால் காற்றை உண்டாக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

அமெரிக்காவின் பவர் கமாண்டர், இத்தாலியின் ரேபிட் பைக், நம் பெங்களூருவில் தயாராகும் ஃபியூயல்எக்ஸ், பவர்ட்ரானிக் என்று பல பெயர்களில் கிடைக்கின்றன. ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே இதை மாட்டுவார்கள். ஈசியு அனுப்பும் உத்தரவை வழியில் வாங்கி, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இன்ஜெக்டருக்கு அனுப்பும். சில மாடல்கள் ஸ்பார்க் விழும் நேரத்தையும் மாற்றும்.

உள்ளே ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் என்ஜின் சுற்று, இன்னொரு பக்கம் த்ராட்டில் திறப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று ஓர் எண். இதற்குப் பெயர் 'மேப்'. இன்னொரு வழியும் உண்டு. தனிப் பெட்டி எதுவும் இல்லாமல், ஈசியுவில் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது. அதை 'ரீஃப்ளாஷ்' என்பார்கள்.

கம்பெனியே ஏன் நல்ல மேப்பைப் போட்டுத் தரவில்லை என்று கேட்டான் பையன். போட்டுத்தான் தருகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் குறி வேறு. சைலன்சர் பைப்புக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். சீரான வேகத்தில் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து, கலவையை அங்கேயே இழுத்துப் பிடிக்கும். முழு சக்தி கிடைப்பது இதைவிடப் பெட்ரோல் கொஞ்சம் கூடிய கலவையில், சுமார் 13-க்கு 1 என்ற அளவில். த்ராட்டிலை முழுக்கத் திருகும்போது கம்பெனி மேப்பே பெட்ரோலைக் கூட்டித்தான் கொடுக்கும். ஆகவே எதையும் மாற்றாத வண்டியில் டியூனர் மாட்டினால், ஆரம்ப இழுப்பு கொஞ்சம் மென்மையாகலாம், திக்கித் திணறல் குறையலாம். வண்டி ராக்கெட் ஆகிவிடாது.

அவன் வண்டிக்கு 40 குதிரைத் திறன். டியூனரால் 2 குதிரை கூடுவதாகவே வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதம். வண்டி 160 கிலோ, அவன் 80 கிலோ.

"நீ பத்து கிலோ குறைச்சாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்டா. செலவே இல்ல" என்றேன்.

"மாமா, காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா" என்று இட்லித் தட்டை நகர்த்தி வைத்தான்.

உண்மையான வியாதி என்ன?

டாக்டரிடம் போனால் முதலில் என்ன கேட்பார்? எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று. நானும் அதையே கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன் பைப்போடு சேர்த்து சைலன்சரை மாற்றியிருக்கிறான். சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அதன் பிறகுதான் த்ராட்டிலை விடும்போது வெடிச் சத்தம். மைலேஜும் இறங்கிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். சாலை வேலை நடக்கும் வழியில் தினமும் போய் வருகிற வண்டி. ஃபில்டர் செம்மண் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. ஓவர்டேக் செய்யும்போது இழுக்காததற்குக் காரணம் அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. 9,000 லிட்டர் காற்று இந்த வழியாகத்தானே உள்ளே போக வேண்டும்?

அடுத்து, சிலிண்டரோடு பைப் சேரும் இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்பாகக் கரி படிந்திருந்தது. புது சைலன்சர் மாட்டியவர்கள், நசுங்கிப்போன பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகப் புகை வெளியே கசியும், வெளிக்காற்றும் உள்ளே நுழையும். த்ராட்டிலை விடும்போது, எரியாமல் வந்த பெட்ரோலோடு அந்தக் காற்று சேர்ந்து பைப்புக்குள்ளேயே எரிகிறது. அதுதான் பட் பட்.

வேடிக்கை இனிமேல்தான். உள்ளே நுழைந்த அந்தக் காற்றைப் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் முகர்கிறது. 'புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதே, பெட்ரோல் போதவில்லை போலிருக்கிறது' என்று ஈசியுவுக்குத் தப்பான தகவல் சொல்கிறது. ஈசியுவும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் இறங்கியது இதனால்தான்.

யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே காற்று அடைபட்டு, பெட்ரோல் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருக்கும் வண்டி. அதற்கு இன்னும் பெட்ரோல் ஊற்ற ஒரு பெட்டியை இருபத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கவிருந்தான்! அப்படி ஊற்றினால் மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும். நாள்பட்டால் பிஸ்டன் ரிங் தேயும். மாறாக, மேப் தவறிப் பெட்ரோல் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து. என்ஜின் சூடேறி, பிஸ்டனே பழுதாகிவிடலாம்.

பழைய சைலன்சரைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். புது கேஸ்கெட், புது ஃபில்டர், புது பிளக். செயினைச் சுத்தம் செய்து ஆயில் விட்டு, தொய்வைச் சரி செய்தார்கள். டயரில் காற்று பிடித்தார்கள். மொத்தம் 1,850 ரூபாய்.

அப்படியானால் டியூனர் வீணா?

இல்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்று ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிய வண்டிக்கு, கூடுதலாக வரும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கொடுக்க டியூனர் அவசியம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான்.

அப்படி மாட்டுவதானாலும், வண்டியை டைனோ என்ற உருளை மேடையில் ஏற்றி, புகையை அளக்கும் கருவியை வைத்து, அந்த வண்டிக்கென்றே மேப் எழுத வேண்டும். நெட்டில் இறக்கிய மேப் என்பது அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை. போட்டுக்கொள்ளலாம், தோள்பட்டை இடிக்கும்.

பொதுச் சாலையில் ஓட்டுகிறவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சத்தம், புகை அளவை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒயரிங்கில் கை வைத்தால் வாரன்டி கேள்விக்குறியாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், கிளெய்ம் நேரத்தில் தலைவலியாகும்.

பிக்-அப் குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள்

1. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். மண் ரோட்டில் போகிற வண்டிக்கு, புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்க்க வேண்டும்.

2. டயர் காற்று, செயின் தொய்வு, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே தெரியும்.

3. கிளட்ச் லீவரில் போதிய விளையாட்டு இருக்கிறதா? இல்லையென்றால் என்ஜின் கத்தும், வண்டி நகராது.

4. சைலன்சர் இணைப்பில் கரி படிந்திருக்கிறதா?

5. மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

6. த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் சுத்தம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை இருந்தால், அப்போது டியூனரைப் பற்றிப் பேசலாம்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு வரை போய்விட்டு வந்தான். தெருவில் திரும்பும்போது வெடிச் சத்தம் இல்லை. நாயும் குரைக்கவில்லை.

"எப்படிடா இருக்கு?"

"வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு மாமா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா டிராக் டே போகும்போது டியூனர் வாங்கிக்கலாம்ல?" என்றான்.

"உன் சம்பளத்துல வாங்கிக்கோ. இப்ப முன் டயரைப் பாரு, பட்டன் தேஞ்சு போச்சு. முதல்ல அதை மாத்து. இன்னொண்ணு, எதிர்ல பஸ் வரும்போது நாற்பது குதிரை இருந்தாலும் தாண்டாதே."

தலையை ஆட்டினான். ராத்திரி அக்கா போன் செய்தாள். "என்னடா தம்பி, அவன் பணம் வேணாம்னுட்டான்? என்ன மந்திரம் போட்டே?"

கேஸ்கெட்டைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வது? "வண்டிக்குச் சளி பிடிச்சிருந்துச்சு அக்கா. மூக்கைச் சிந்திவிட்டோம், அவ்வளவுதான்" என்றேன்.