பெரிய கோயில் சுவரில் ஒரு நெல் கணக்கு

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பலரும் பெரிய கோயிலில் ஒரு மணி நேரம், வாசலில் ஒரு செல்ஃபி, கையில் ஒரு தலையாட்டி பொம்மை என்று முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு முழு நாளை ஒதுக்கிப் பாருங்கள். அதுவும் தை, மாசியில், சம்பா அறுவடை நேரத்தில்.

காலையில் நடை திறந்ததுமே கோயிலுக்குள் போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் கல்தரையில் வெறுங்காலோடு குழந்தைகளும் பெரியவர்களும் படும் பாடு சொல்லி மாளாது. 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் ஒதுங்குவதே அந்த நிழலில்தான்!

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் சுவர்களைப் பாருங்கள். சுற்றிலும் கல்வெட்டு. அதில் பெரும்பகுதி வரவு செலவுதான். எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று பட்டியல் போகிறது; ஈழத்து ஊர்களும் அதில் உண்டு. பல கோயில்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் மகளிருக்கு ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க்காரர், பேர் என்ன என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். நட்டுவனார், கணக்கர், தையல்காரர், நாவிதர், வண்ணார், குயவர் என்று எல்லோருக்கும் நெல்தான் சம்பளம். இத்தனை பெரிய கல்மலையைத் தாங்கி நின்றது காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்.

அதற்குள் பசித்திருக்கும். இட்லிக்குக் கடப்பா கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கும்பகோணத்துப் பண்டம்தான், ஆனால் இந்தப் பக்கமெல்லாம் அதற்கு ரசிகர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டது. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு ருசி.

சாம்பார் என்றதும் நினைவு வருகிறது. அது தஞ்சை மராட்டிய அரண்மனையில் பிறந்தது, சம்பாஜியின் பேரால் வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அரண்மனைச் சமையலுக்கு நிஜ ஆதாரம் வேண்டுமென்றால், இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்துச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரில் மராத்தியில் இருக்கின்றன. சரஸ்வதி மகால் நூலகம் அதைக் காத்து வைத்திருக்கிறது. பக்கத்திலேயே கலைக்கூடம். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரைப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். காளையைக் காணோம், ஆனாலும் அதன்மேல் சாய்ந்த கை அப்படியே நிற்கிறது. அந்தக் கையை மட்டுமே பத்து நிமிடம் பார்க்கலாம்.

மதியம் வாழை இலை போட்டுச் சாப்பாடு. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தால் வேறென்ன வேண்டும்? சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் திருவையாற்றுக்குக் கிளம்புங்கள். 13 கிலோமீட்டர்தான். பாலங்களை எண்ணச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி.

டெல்டாச் சாலைகளில் இந்தப் பருவத்தில் பாதி ரோட்டை நெல் அடைத்துக் கிடக்கும். டிரைவர் முணுமுணுப்பார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது விதி. அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல்லைக் காயவைக்க எல்லோரிடமும் களம் கிடையாது, தார்ச்சாலைதான் களம். எடை போடும் முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயோடு இரவெல்லாம் காவல் கிடப்பவர்கள் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் கலம் கலமாகக் கணக்கெழுதிய அதே மண்ணில்தான். வண்டியை மெதுவாக, நெல்மேல் சக்கரம் ஏறாமல் ஓட்டச் சொல்லுங்கள்.

திருவையாற்றில் ஐயாறப்பரைத் தரிசித்து, காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியில் சற்று உட்கார்ந்துவிட்டு, அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அல்வா. பார்சல் இருக்கட்டும், முதலில் சுடச்சுட அங்கேயே ஒரு ஐம்பது கிராம். ஆறினால் நெய் இறுகிவிடும்.