அப்பாவின் லோரி எந்தக் கட்டுரையில் வரும்?



கடந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு நாம் அனைவரும் நன்கறிந்த ஒன்றுதான்: ‘நான் கண்ட விபத்து’. மொத்தம் 28 ஏடுகள். இருபத்தெட்டிலும் ஒரு மகிழுந்து மின்னல் வேகத்தில் வந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் மோதியது. ஓட்டுநர் இரத்த வெள்ளத்தில் மிதந்தார். பொதுமக்கள் ஓடோடி வந்தனர். எழுத்துப் பிழை குறைவு, மரபுத்தொடருக்கும் குறைவில்லை. மதிப்பெண் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மகிழுந்தின் நிறம் என்ன, அது சிறியதா பெரியதா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. ஏனெனில் அந்த மகிழுந்தை ஒருவரும் பார்க்கவில்லை. அது பயிற்சி நூலிலிருந்து கிளம்பி நேரே ஏட்டுக்குள் வந்து மோதிய மகிழுந்து.

அதே பிள்ளைகள் பள்ளி முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்டுப்பாருங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியின் முன்விளக்கைப் பார்த்தே அது எந்த வகை, எந்த ஆண்டு வெளிவந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் என் வண்டியைப் பார்த்த மாணவன் ஒருவன், “ஐயா, உங்க மைவி ரெண்டாவது மாடல். 2017-ல புதுசு வந்துடுச்சு, மாத்தலையா?” என்று கேட்டான். எனக்குச் சற்றே வெட்கமாக இருந்தது. அவன் சொன்னது சரி. மைவி 2005-ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. 2011-இலும் 2017-இலும் உருமாறி வந்தது. இந்தச் செய்தியை அவனுக்கு எந்த ஆசிரியரும் கற்றுத் தரவில்லை. அவனே பார்த்து, ஒப்பிட்டு, நினைவில் வைத்திருக்கிறான். கட்டுரைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

எங்கள் பள்ளி கீழ்ப் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாலையோரமாக அமைந்துள்ளது. வாசலில் வந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை பெரோடுவாவும் புரோட்டோனும்தான்: மைவி, அக்சியா, பெஸ்ஸா, சாகா. குடும்பம் பெரியதென்றால் அல்ஸா. குத்தகை வேலை எடுப்பவர்களிடம் சேறு படிந்த ஹைலக்ஸ். பாட்டன்மார் இன்னும் கஞ்சிலில் வருகிறார்கள். 1994-இல் வந்த அந்தச் சிறிய வண்டியின் இயந்திரம் 660 சி.சி. அளவுடையது. 2009-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. ஆயினும் பேரப்பிள்ளை இருவரையும் புத்தகப்பைகளையும் இரண்டு பை காய்கறியையும் ஏற்றிக்கொண்டு அது இன்றும் ஓடுகிறது. தோட்டங்களிலிருந்து பட்டணத்துப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு முதற்கார் கஞ்சில்தான். அதற்கு முன் தோட்டத்தில் கார் என்றால் அது துரையினுடையது, அல்லது கிராணியாருடையது.

வண்டிகளின் பெயர்களையும் தமிழாசிரியர் விட்டுவிடலாகாது என்பது என் எண்ணம். 1985-இல் வெளிவந்த நம் முதல் தேசியக் காருக்குச் சாகா என்று பெயர். அது ஒரு சிவப்பு விதையின் பெயர். நம் முன்னோர் அதை மஞ்சாடி என்றனர். பொன் நிறுக்கும் தட்டானின் தராசில் குன்றிமணியும் மஞ்சாடியும் எடைக்கற்களாக இருந்த கதையைச் சொன்னால் மாணவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். பல பள்ளி வளாகங்களில் அம்மரம் நிற்கிறது; விதையைப் பொறுக்கிக் கையில் கொடுத்தே பாடம் நடத்தலாம். கஞ்சில் என்பது சருகுமான். மலாய்ப் பாடத்தில் அதன் தந்திரக் கதைகளைப் படித்த பிள்ளைகளுக்கு அது பழைய நண்பன். தொண்ணூறுகளில் வந்த ஈஸ்வாரா, வீரா, சத்ரியா, பெர்டானா, புத்ரா ஆகிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஈசுவரன், வீரன், சத்திரியன், பிரதானம், புத்திரன் என்று எழுதினேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிற்று. பிறகு ஒரு மாணவி, “அப்படின்னா எங்க தாத்தா வீரா ஓட்டுறாரு” என்றாள். வடமொழிச் சொற்கள் மலாய்க்குள்ளும் தமிழுக்குள்ளும் எவ்வாறு நுழைந்தன என்று அதன் பின்னர் நான் சொன்னதை அவர்கள் மறந்தாலும், தாத்தாவின் வீராவை மறக்க மாட்டார்கள்.

சொல் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. கார் என்று எழுதலாமா, மகிழுந்து என்றே எழுத வேண்டுமா? லோரியா, கனவுந்தா? ஆசிரியர் அறையில் இது பற்றி மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். நான் மகிழுந்து என்னும் சொல்லை விரும்புகிறவன். ‘உந்து’ என்னும் வேரிலிருந்து பேருந்தும் மகிழுந்தும் கனவுந்தும் கிளைத்திருக்கும் அழகை மாணவர்க்குக் காட்டுவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் நாம் அவர்களுக்கு அந்த மூன்று சொற்களோடு நிறுத்திவிட்டோம். சாலையில் செல்வதோ முப்பது வகை. மூன்று சொற்களைக் கொண்டு முப்பது வண்டிகளை எழுதச் சொன்னால், குழந்தை என்ன செய்யும்? பார்த்ததை விட்டுவிட்டு, சொல் இருப்பதை மட்டும் எழுதும். தூய சொல்லா கலப்புச் சொல்லா என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

எங்கள் பள்ளிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். குலை சாலையில் விழாதபடி மேலே வலை கட்டியிருக்கும். பின்னாலேயே, ஆலையில் பிழிந்த எண்ணெயைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தாங்கி லோரி. மணல் லோரி, கல் லோரி, சிமெண்டைச் சுழற்றிக்கொண்டே செல்லும் லோரி, எரிவாயுத் தோம்புகள் உரசிச் சத்தமிடும் சிறு லோரி, குப்பை லோரி, பழுதான காரைத் தூக்கிச் செல்லும் இழுவை லோரி, கொள்கலனைச் சுமந்துவரும் பதினெட்டுச் சக்கர வண்டி. முன்பு இதே சாலையில் ரப்பர்ப் பால் ஏற்றிய லோரிகள் ஓடின. அவை கடந்துபோன பிறகும் வாடை நெடுநேரம் நிற்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வாடை தெரியாது.

ஒவ்வொரு லோரியின் பக்கவாட்டிலும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பி.டி.எம். என்று மலாய்ச் சுருக்கத்தில் இரண்டு வரிகள்; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ரூமி எழுத்தில் நடு எழுத்து வேறு. ஒன்று சுமையோடு சேர்ந்த எடை, மற்றொன்று சுமையில்லாத எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அந்த வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். 16,000 கிலோ, 6,500 கிலோ என்று எழுதியிருந்தால் விடை 9,500 கிலோ. ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 475 குலைகள். இக்கணக்கைக் கணித ஆசிரியரிடம் கொடுத்தேன். ஆப்பிள்களையும் கோலிக்குண்டுகளையும் பங்கு போட்டுச் சலித்துப்போயிருந்த வகுப்பு, அன்று மணி அடித்த பின்னும் எழவில்லையாம். ஒரு மாணவன், “அதுக்கு மேல ஏத்துனா?” என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விதான் பாடம்.

ஏன் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரியும் காவல்துறைக் கலகத் தடுப்புப் படையினரின் வண்டியும் மோதி, படையினர் 9 பேர் உயிரிழந்தனர். நாடே கலங்கிற்று. அளவுக்கு மீறிய சுமையைப் பற்றியும் பராமரிக்கப்படாத வண்டிகளைப் பற்றியும் எங்கும் பேச்சு. நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நாள்களில் என் வகுப்பில் ஒரு மாணவன் வழக்கத்துக்கு மாறாக வாய் திறவாமல் இருந்தான். காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். இடைவேளையில் எவனோ அவனிடம், “உங்கப்பாவும் லோரிதானே ஓட்டுறாரு” என்று கேட்டிருக்கிறான்.

அவனுடைய பழைய ஏட்டை எடுத்துப் பார்த்தேன். ‘என் குடும்பம்’ என்ற கட்டுரையில், “என் தந்தை ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறார்” என்று எழுதியிருந்தான். நானே சிவப்பு மையால் சரியென்று குறியிட்டிருந்தேன். பிழையற்ற வாக்கியம் அல்லவா! அவனுடைய தந்தை பெற்றோர் சந்திப்புக்கு வந்தால், லோரியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். நான் காரணம் கேட்டபோது, “லோரிய வாசல்ல போட்டா மத்தவங்களுக்கு எடைஞ்சல், சார்” என்றார். அது உண்மைதான். அதுமட்டும்தானா என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

மறுவாரம் மாதிரிக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, ‘எங்கள் சாலையில் ஒரு வண்டி’ என்று தலைப்பு மாற்றிக் கொடுத்தேன். விதி இரண்டே. நீங்களே பார்த்த வண்டியாக இருக்க வேண்டும். ‘மின்னல் வேகம்’ வரக்கூடாது. அந்த மாணவன் இரண்டரைப் பக்கம் எழுதினான். அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முதலில் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார். பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்; தாமதித்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆலை வாசலில் எடை போட வரிசை நீளும். வரிசையில் நிற்கும்போது அப்பா உறங்குவார். முன்னால் உள்ள லோரி நகர்ந்தால் பின்னால் உள்ளவர் ஆரன் அடித்து எழுப்புவார். மழை பெய்தால் தோட்டத்து மண்சாலையில் வண்டி புதைந்துவிடும். இவையனைத்தும் அவன் எழுதியவை. தமிழில் ஒற்றுப் பிழைகள் பதினான்கு. நான் இவ்வாண்டு படித்தவற்றுள் மிகச் சிறந்த கட்டுரை அது.

சில பெற்றோர் மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். “மாதிரிக் கட்டுரையை மனனம் செய்தால்தானே புள்ளி?” என்பது முதல் கேள்வி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காக நாம் பழக்கிக்கொண்ட மனனம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. தேர்வுகள் வரும், போகும். மனனம் செய்த மகிழுந்து இடைநிலைப்பள்ளிக்கும் கூடவே வந்து அங்கும் அதே மின்கம்பத்தில் மோதுகிறது. சக ஆசிரியர் ஒருவரோ, வணிகப் பெயர்களைக் கட்டுரையில் எழுதவிடுவது விளம்பரமாகிவிடும் என்றார். அவர் சொல்வதிலும் பொருள் உண்டு. பெயர் வேண்டாம் என்றால் வண்ணத்தையும் வடிவத்தையும் ஒலியையும் எழுதட்டும். எனக்கு அதில் வழக்கில்லை. எனினும், ‘சிறிய வெள்ளை நிற மகிழுந்து’ என்பதைவிடத் ‘தாத்தாவின் பழைய கஞ்சில்’ என்பதில்தான் மனிதர் தெரிகிறார்.

பெற்றோர்களிடம் வேறொன்றும் வேண்ட வேண்டியுள்ளது. லோரியைப் பற்றிப் பேசும்போது அதன் ஓட்டுநரால் எதைப் பார்க்க முடியாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் முகப்பை ஒட்டிக் கடக்கும் சிறுவன் தெரிய மாட்டான். இடப்பக்கச் சக்கரத்தின் அருகே மிதிவண்டியில் செல்பவனும் தெரிய மாட்டான். அந்த மாணவனின் தந்தையை வகுப்புக்கு அழைத்து இதை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு துவைத்து மடித்த சட்டை அணிந்து வந்தார். நான் பத்து முறை சொல்லிப் பதியாதது அவர் ஒரு முறை சொன்னதும் பதிந்தது. வாசலில் இரண்டாம் வரிசையாகக் காரை நிறுத்திவிட்டுக் கைப்பேசி பார்க்கும் நம் வழக்கத்தைப் பற்றியும் அவர் ஒரு சொல் சொன்னார். நானும் அங்கே நிறுத்துகிறவன்தான், இப்போது இல்லை.

வரும் வாரம் ஒவ்வொருவரும் தம் வீட்டு வண்டியைப் பற்றிய விவரங்களை எழுதி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மோட்டார் சைக்கிளாயினும் சரி, பள்ளிப் பேருந்தாயினும் சரி. அந்த மாணவன் மட்டும் முந்திக்கொண்டு வெள்ளிக்கிழமையே கொண்டுவந்துவிட்டான். சுமையோடு எடை, சுமையில்லா எடை, கழித்து வந்த விடை அனைத்தும் சரியாக இருந்தன. சக்கரம் என்னும் இடத்தில் 6 என்று எழுதி, அடித்துவிட்டு 7 என்று திருத்தியிருந்தான். உதிரிச் சக்கரத்தையும் எண்ண வேண்டும் என்று அப்பா சொன்னாராம்.