குத்தகை முகவரி, சொந்த முகவரி

வாடகை வீட்டுக்காரர்களின் அவஸ்தை கம்ப்யூட்டர்களுக்கும் உண்டு. அலுவலக நெட்வொர்க்கில் சேரும் கம்ப்யூட்டருக்கு ரூட்டர் ஓர் ஐ.பி. முகவரி தருகிறது. டி.எச்.சி.பி. என்ற இந்த ஏற்பாட்டில் முகவரி சொந்தமல்ல, குத்தகை. கெடு முடிந்தால் வேறு எண் வரலாம். இன்டர்நெட் பார்ப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. கணக்கு வழக்குகளை வைத்திருக்கும் லீனக்ஸ் சர்வரின் முகவரி மாறினால்? காலையில் பில் போட வந்தவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குத்தான் நிலையான முகவரி.

அந்த சர்வர், ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேர் உருவாக்கிய இன்னொரு கம்ப்யூட்டராக, அதாவது விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் சிக்கல் ஒரு படி அதிகம். விர்ச்சுவல்பாக்ஸ் எடுத்த எடுப்பில் தருவது 'நாட்' முறை. உள்ளிருக்கும் லீனக்ஸுக்கு அதில் 10.0.2.15 போன்ற எண் கிடைக்கும். அது வெளியே போகலாம். மற்றவர்கள் நேராக உள்ளே வர முடியாது. எனவே முதலில் 'பிரிட்ஜ்டு' முறைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது எண்ணைத் தேர்ந்தெடுப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். ரூட்டர் 192.168.1.100 முதல் 200 வரை விநியோகிக்கிறது என்றால், அதற்கு வெளியே, யாரிடமும் இல்லாத 192.168.1.50 போன்ற எண்ணை எடுக்க வேண்டும். உள்ளே எடுத்தால், அதே எண் என்றாவது ஒரு பிரிண்டருக்கும் போய்விடலாம். பிறகு இரண்டுமே தகராறு செய்யும்.

உபுண்டு சர்வரில், 2017-ல் வந்த 17.10 பதிப்பிலிருந்து, இந்த விவரங்கள் நெட்பிளான் ஃபைலில் இடம்பெறுகின்றன: முகவரி, அதை ஒட்டி /24, ரூட்டரின் எண், டி.என்.எஸ். சர்வரின் எண். வரிகளைத் தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டுமே; டேப் கூடாது.

மாற்றத்தை 'நெட்பிளான் டிரை' கட்டளையால் சோதியுங்கள். 120 விநாடிகளுக்குள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும். டெல்லியில் இருந்துகொண்டு புனே சர்வரைத் திருத்துபவருக்கு இந்த இரண்டு நிமிடம் ஒரு ரயில் டிக்கெட்டை மிச்சப்படுத்தும். ஆனால் முகவரியையே மாற்றும்போது பழைய தொடர்பு எப்படியும் அறுந்துவிடும். அந்த வேலையை மெஷினின் சொந்தத் திரையில் செய்வதே நல்லது.

கடைசியாக, எந்த எண் எந்த மெஷினுக்கு என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விர்ச்சுவல் மெஷினைப் பிரதி எடுத்தால் முகவரியும் கூடவே பிரதியாகிவிடும். இரண்டையும் சேர்த்து இயக்கினால் பழைய தகராறுதான். எண்ணை லீனக்ஸ் காப்பாற்றும்; அது யாருடையது என்ற கணக்கை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.